லுலுவுக்கு வழி எனக்கும் தெரியும், மாப்பிள்ளை

மாப்பிள்ளை, நீங்க படிச்சவிய. ராத்திரி பகல் பாக்காம கம்ப்யூட்டர்ல வெளிநாட்டுக்காரனோட பேசுதவிய. உங்களுக்குப் புத்தி சொல்ல இந்தச் செங்கோட்டை வயக்காட்டுக்காரனுக்கு என்ன யோக்கியதை இருக்கு? ஆனாலும் பொண்ணக் குடுத்தவன். வாயை மூடிக்கிட்டு இருந்தா, நாளைக்கு நீங்களே "மாமா ஒரு வார்த்தை சொல்லலியே"ம்பீய. அதனால சொல்லிருதேன். கேட்டுட்டு, வழக்கம்போல உங்க இஷ்டப்படி செய்யுங்க.

சனிக்கிழமை விடிஞ்சா நீங்க பிள்ளையளுக்காகப் படுத பாட்டைப் பாத்தா எனக்கே மனசு கேக்கல. போனைக் கையில எடுத்து, "இந்த சீசன்ல குடும்பத்தோட போக நல்ல எடம், பிள்ளையளுக்கு ஏத்த சாப்பாட்டுக் கடை"ன்னு தேடுதீய. அது அம்பது எடம் சொல்லுது. நீங்க ஒவ்வொண்ணாத் தள்ளுதீய. அங்க வண்டி நிறுத்த எடமில்ல, இங்க வெயிலு, அது தூரம், இது கூட்டம். மணி பதினொண்ணு ஆயிருது. எம்மவ அடுக்களையில இருந்து எட்டிப் பாத்து, "உலை வைக்கட்டா, வேண்டாமா?"ங்கா. உடனே ஏதோ புதுசாக் கண்டுபிடிச்ச முகத்தோட எந்திரிச்சுச் சொல்லுதீய: "சரி, லுலு மாலுக்கே போயிருவோம்."

அத நான் குறை சொல்லமாட்டேன். 2013 மார்ச்சுல அதைத் திறந்ததுல இருந்து கொச்சி இடப்பள்ளிக்காரனுக்கு யோசிக்குத வேலை மிச்சம். 2017-ல மெட்ரோ வந்த பொறவு நடக்குத வேலையும் மிச்சம். ஸ்டேஷன்ல இருந்து பாலம் வழியா நேரே உள்ளயே போயிரலாம். கக்கூஸும் சுத்தமா இருக்கு. என் வயசுக்கு அதுக்கு மேல ஒரு ஊர்ல என்ன வேணும்?

ஆனா போன ஆடியில ஒண்ணு நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? வெளிய வந்தப்போ தரை பூராம் நனைஞ்சு கெடக்கதைப் பாத்துட்டு நம்ம சின்னவ கேட்டா: "தாத்தா, யாரு தண்ணி ஊத்தினது?" மூணு மணி நேரமா வானம் பொத்துக்கிட்டு ஊத்தியிருக்கு, உள்ள இருந்தவியளுக்கு ஒரு சொட்டுச் சத்தம் கேக்கல. உங்களுக்கெல்லாம் பருவம் மாறினது எப்படித் தெரியுது? நடுக்கூடத்துல பூக்களம் போட்டிருந்தா ஓணம். பெரிய மரத்தை நட்டு வெளக்கு கட்டியிருந்தா கிறிஸ்மஸ். எல்லாத்துலயும் பாதி விலைன்னு எழுதிப் போட்டிருந்தா மழைக்காலம். நல்ல வசதிதான். வெயில்ல காயாம, மழையில நனையாம வருசம் ஓடிருது.

உங்க அடுக்களையில, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல, ஒரு மலையாளக் காலண்டர் தொங்குதே, அதை ஒருநாளாவது நின்னு பாத்தீயளா? எம்மவ அதுல பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுதுதா. அந்தக் கணக்குக்குக் கீழ பொடி எழுத்துல, நீங்க போன்ல தேடுதது பூராம் அச்சடிச்சிருக்கு. எந்த மாசம் எங்க கொடியேத்து, எங்க பெருநாளு, எங்க ஆனை வருது, எல்லாம். சார்ஜ் போடவும் வேண்டாம்.

நம்ம ஆடிதான் இவியளுக்குக் கர்க்கடகம். வெளிய தலை காட்ட முடியாத மாசம்னு நீங்க சொல்லுதீய. மட்டாஞ்சேரிக்குப் போறதுக்கு அதைவிட நல்ல மாசம் கிடையாதுன்னு நான் சொல்லுதேன். அந்த மாசம் பூராம் வீட்டுக்கு வீடு அந்திக்கு வெளக்கேத்தி ராமாயணம் வாசிக்காவ. மட்டாஞ்சேரி அரண்மனையில அதே ராமாயணத்தைச் சுவர்ல எழுதி வச்சிருக்கு. காதுல கேட்ட கதையைக் கண்ணால பாக்கச் சொன்னா எந்தப் பிள்ளை வேண்டாம்னு சொல்லும்? ஊரு அதை டச்சு அரண்மனைங்குது. கட்டிக் குடுத்தது போர்ச்சுகீசியன், 1555-ல, கொச்சி ராஜா வீர கேரள வர்மாவுக்கு. டச்சுக்காரன் 1663-ல வந்து செப்பனிட்டான், பேரு அவன் பேராப் போச்சு. வாடகைக்கு வந்தவன் வெள்ளையடிச்சிட்டு வீட்டுக்குத் தம்பேரை வச்ச கதை.

அங்க போயி நீங்க வரலாறு சொல்லாதீய, புண்ணியமாப் போகும். ராஜாவோட படுக்கையறையில பிள்ளையள நிறுத்தி, "அனுமார் எத்தனை எடத்துல இருக்காருன்னு எண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு ஒதுங்கிருங்க. நம்ம பெரியவன் வாலைப் பாத்துப் பாத்து எண்ணுவான். சின்னவ, "அது அனுமார் இல்ல, சுக்ரீவன்"னு சண்டைக்குப் போவா. அந்தச் சண்டை தீர்றதுக்குள்ள மழை விட்டிரும். உள்ள படம் பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அந்தச் சட்டம் போட்டவரை நான் நேர்ல பாத்தா கும்பிடுவேன். பிள்ளையளுக்கு அன்னைக்கு ஒருநாளாவது அப்பன் முகம் முழுசாத் தெரியும். வெள்ளிக்கிழமை மட்டும் போயிராதீய, பூட்டு தொங்கும்.

எட்டி நடந்தா யூதத் தெரு. 1568-ல கட்டின யூதப் பள்ளி, அதான் அவியளோட கோயில். செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனா தரை பூராம் சீனாவுல கையால எழுதின நீலப்பூ ஓடு. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு கிடையாதுன்னு சொல்லுதாவ. அதைப் பெரியவன்கிட்டச் சொன்னா நம்புவானா? ரெண்டு ஒரே மாதிரி ஓடு கண்டுபிடிச்சுக் காட்டுதேன்னு குனிஞ்சவன் நிமிரமாட்டான். வெளிய 1760-ஆம் வருசத்து மணிக்கூண்டு. ஒரு முகத்துல ஹீப்ரு எண்ணு, இன்னொரு முகத்துல ரோமன் எண்ணு. மணி பாக்கப் படிக்குத வயசுல இருக்குத பிள்ளைக்கு வேற என்ன விளையாட்டுச் சாமான் வேணும்? இங்க வெள்ளியும் வேண்டாம், சனியும் வேண்டாம். சனிக்கிழமை அவியளுக்கு ஓய்வுநாள். உங்களுக்குத்தான் அன்னைக்கு ஓய்வே இல்ல.

போறதுக்குக் கார் எடுக்காதீய. தோப்பும்படி பாலத்துல வண்டி ஊர்ந்து ஊர்ந்து, பின்னால பிள்ளையள் ரெண்டும் ஒண்ணையொண்ணு கிள்ளி, நீங்க எம்மவ மேல எரிஞ்சு விழுந்து, எதுக்கு? மெட்ரோவுல போயி எறங்கி, ஐகோர்ட்டு படகுத் துறையில தண்ணி மெட்ரோ ஏறுங்க. 2023 ஏப்ரல்ல தொடங்கினது, நாட்டுலயே முதல்ல வந்தது இங்கதான். கரண்டுல ஓடுது, சத்தமே இல்ல. தொடங்கினப்போ குறைஞ்ச டிக்கெட்டு 20 ரூபாய். இப்ப மட்டாஞ்சேரிக்கும் துறை திறந்தாச்சு. மழையில கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காயல்ல பொட்டுப் பொட்டாத் தண்ணி குதிக்கதை ரெண்டும் மூக்கை ஒட்டிக்கிட்டுப் பாக்கும். அதே மழைக்காலத்துல தண்ணிப் பூங்காவுக்குக் காசு கட்டிக் கூட்டிட்டுப் போயி நனைய வைக்கதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. 2000-த்துல வீகாலாண்ட்னு தொடங்கி, இப்ப வொண்டர்லான்னு இருக்கே, அந்த எடத்துல பிள்ளையளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனா நம்ம வீட்டு முத்தத்துல மழையில நின்னா சளி பிடிக்கும்னு அதட்டுத அதே அப்பன், அங்க டிக்கெட்டு எடுத்து நனைய விடுதாரு பாருங்க, அந்த வைத்தியம்தான் எனக்குப் புரியல.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். நம்ம வீட்டுச் சண்டை பூராம் அங்கதானே இருக்கு.

போன தடவை ஒரு ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனீய. பேரு வேண்டாம். வாசல்லயே பொம்மை நின்னுச்சு. பிள்ளை உக்கார உயரமான நாற்காலி, படம் வரைய மெழுகுக் குச்சி, "கிட்ஸ் மெனு"ன்னு சிரிக்குத அட்டை. நானும் அடேயப்பான்னு பாத்தேன். முக்கால் மணி நேரம் கழிச்சுச் சின்னவ முன்னால வந்தது என்ன? வறுத்த உருளைக்கிழங்கு கொஞ்சம், டைனோசர் உருவத்துல பொரிச்ச கோழித் துண்டு ரெண்டு. டைனோசர் பாவம்னு அவ அழுதா. கடைசியில அந்த டைனோசரைத் தின்னது யாரு? நாந்தான். ரெண்டு துண்டு டைனோசருக்கு 470 ரூபாய். அழிஞ்சு போன உயிரினம், விலை கூடத்தான் இருக்கும்.

பிள்ளைக்கு ஏத்த கடை எதுன்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு கணக்கு இருக்கு. உக்காந்த அஞ்சு நிமிசத்துல ஏதாவது ஒண்ணு எலையில விழணும். கை கழுவுத எடம் பிள்ளைக்கு எட்டணும். பரிமாறுத சேட்டன் "மோளே, என்னா வேணும்?"னு நம்மளை விட்டுட்டு அவளைப் பாத்துக் கேக்கணும். தண்ணி கொட்டினா அவரே துணியைப் போட்டுட்டு, நடக்காதது மாதிரிப் போகணும். இந்தக் கணக்குக்கு ஒத்து வர்ற கடை இந்த ஊர்ல சந்துக்குச் சந்து இருக்கு. வாசல்ல பொம்மை இருக்காது, அவ்வளவுதான்.

சாயாக்கடைக் கண்ணாடி அலமாரியை எடுத்துக்கோங்க. மேல் தட்டுல பழம்பொரி, அடுத்ததுல பருப்பு வடை, அதுக்கும் கீழ சுகியன், ஓரத்துல உண்டம்பொரி. நம்ம கண்ணுக்கு அது அலமாரி. சின்னவ உயரத்துக்கு அது நேருக்கு நேர் நிக்குத சொர்க்கம். நாலு மணிக்கு எண்ணெய்ச் சட்டியில இருந்து பழம்பொரி எறங்கும். நேந்திரம்பழம் நீளவாக்குல கீறி, மஞ்ச மாவுல முக்கி, ஓரம் லேசா மொறுமொறுத்து, உள்ள தேன் ஊறி. அவ கண்ணாடியில விரலை வச்சு, "அது இல்ல, அதுக்குப் பின்னால உள்ளது"ன்னு கேட்டு வாங்குவா. தானாப் பாத்துத் தானாக் கேட்டு வாங்கினதை மிச்சம் வச்ச பிள்ளையை நான் பாத்ததில்ல. பேப்பர்ல எண்ணெய் ஒத்தி எடுத்துக் குடுங்க, மனசு கேக்கலேன்னா.

சோத்துக்குப் போனா முதல்ல ரோஸ் நிறத்துல வெந்நி கொண்டு வந்து வைப்பாவ. பதிமுகம் போட்டுக் கொதிக்க வச்சது. சின்னவ முதல் தடவை அதை ரோஸ்மில்க்னு நெனச்சு ஒரு வாய் குடிச்சிட்டு, என்னைப் பாத்த பார்வை இருக்கே! இப்ப அது இல்லாம எந்திரிக்க மாட்டேங்கா. மட்டை அரிசிச் சோறு குண்டு குண்டா இருக்கும், நம்ம பிள்ளையளுக்கு இறங்காது. கட்டாயப்படுத்தாதீய. காலையில ஆப்பமும் ஸ்டூவும், இல்லேன்னா புட்டும் கடலையும். புட்டுக் குழல்ல இருந்து குச்சி வச்சுத் தள்ளும்போது ஆவியோட பொத்துன்னு விழுகுதே, அதை ஒரு தடவை அவிய கண்ணுல காட்டிட்டாப் போதும். உதிர்த்து, பழம் பிசைஞ்சு, உறைப்பே இல்லாம ஒரு தட்டு உள்ள போயிரும்.

மட்டாஞ்சேரியில மதியம்னா, புது ரோட்டுல காயிக்கா கடை. ரஹ்மத்துல்லான்னு பலகை இருக்கும், ஊர்ல காயீஸ்னு கேட்டாத்தான் தெரியும். சின்ன அரிசி பிரியாணி, நம்ம ஊரு பிரியாணி மாதிரி நாக்கைச் சுடாது. கூடப் பப்படம். போன்ல பாத்து, நட்சத்திரம் எண்ணி, மூணு மணிக்குப் போயி நிக்காதீய. நேரங்கழிச்சுப் போனா அண்டாவுல கரண்டிச் சத்தம்தான் கேக்கும். கறி வேண்டாம்னா, கொஞ்சம் தள்ளிக் குஜராத்தித் தெரு. தலைமுறை தலைமுறையா இங்கயே இருக்குத குஜராத்திக்காரவிய. சாந்திலால் மிட்டாய்க் கடைன்னு கேளுங்க, யாரும் கை காட்டுவாவ. நோம்பு மாசத்துல மட்டாஞ்சேரியில சாயங்காலம் ஆனா ரோட்டோரம் பூராம் பலகாரம்தான். பிள்ளையளுக்கு ராத்திரி சோறு வேண்டாம்னு அம்மாகிட்டச் சொல்லிட்டே கிளம்புங்க.

வயிறு நெறைஞ்ச பொறவு போர்ட் கொச்சி வேளிக்குப் போயி, தோபி கானாவை ஒரு பார்வை பாத்துட்டு வாங்க. உங்க போன் அதைச் சொல்லியிருக்காது. டச்சுக்காரன் காலத்துல துணி வெளுக்கக் கூட்டிட்டு வந்த நம்ம தமிழ்க் குடும்பத்து வாரிசுக, இன்னும் அங்க கல்லுல அடிச்சுத் துவைக்காவ. இப்ப உள்ள கட்டடம் 1976-ல கட்டிக் குடுத்தது. முறுக்குன ரெட்டைக் கயித்துப் புரிக்குள்ள துணி முனையைச் சொருகிக் காயப் போடுதாவ, கிளிப்புங்கிற சங்கதியே கிடையாது. "எப்படி விழல?"ன்னு பெரியவன் கேப்பான். உங்களுக்குத் தெரியாது, அவிய சொல்லுவாவ, தமிழ்லயே. வேலைக்கு நடுவுல நிக்காம, ஓரமா நின்னு கேளுங்க.

ஆவணி பிறந்தா அத்தம். அன்னைக்குத் திருப்பூணித்துறையில அத்தச்சமயம். ராஜா காலத்து ஊர்வலம், இப்ப ஊரு சனம் நடத்துது. பொய்க்கால், தெய்யம், புலி வேஷம், வண்டி மேல காட்சி. 2024-ல மெட்ரோ திருப்பூணித்துறை வரைக்கும் வந்தாச்சு. இடப்பள்ளியில ஏறினா மாத்தி ஏறாம அங்கயே எறங்கலாம். ஊர்வலம் முடிஞ்சும் கால் வலிக்கலேன்னா மலை அரண்மனை இருக்கு, 1865-ல கட்டினது. உள்ள மான் இருக்கு. சந்திரமுகிக்கு மூலப் படம் மணிச்சித்திரத்தாழை அங்கதான் எடுத்தாவன்னு பெரியவன்கிட்டச் சொல்லுங்க, சின்னவகிட்டச் சொல்லாதீய. ராத்திரி அவ உங்க நடுவுல வந்து படுத்துக்கிடுவா. திங்கக்கிழமை அதுக்கும் லீவு.

திருவோணத்துக்கு வேற எங்கயும் அலைய வேண்டாம். உங்க வீட்டுக்குப் பக்கத்துலயே திருக்காக்கரை. மகாபலியை மிதிச்ச வாமனர் கோயில். நம்ம பாஷையில திருக்காட்கரை, 108 திருப்பதியில ஒண்ணு. பாடினவரு யாரு? குருகூர்ப் புளியமரத்தடியில உக்காந்திருந்த நம்ம நம்மாழ்வார். நடந்து போற தூரத்துல அவரு பாடின கோயில வச்சிக்கிட்டு, "ஓணம் ஸ்பெஷல் புஃபே"ன்னு தலைக்கு ஆயிரத்தைக் குடுக்கேன்னு நிக்கீயளே, அது உங்க பணம், நான் பேசமாட்டேன். பூக்களம் போட வாங்குதீயளே கேந்திப்பூ, அது நம்ம சுந்தரபாண்டியபுரம், ஆய்க்குடிப் பக்கத்துல இருந்து லாரி ஏறிப் புளியரை தாண்டி வருது. சத்யா விருந்துக்குக் காய் நம்ம பாவூர்சத்திரம் சந்தையில இருந்து வருது. அந்த வாரம் நானே காய் வாங்க முடியாம ரசம் வச்சுத்தான் தின்னுக்கிட்டு இருப்பேன். பிள்ளையளக் கூட்டிட்டுப் போயி எலையில உக்கார வச்சு, "இது தாத்தா ஊருப் பூசணிக்கா"ன்னு காட்டுங்க. அவிய பூசணிக்காயைத் தொடமாட்டாவ. சர்க்கரை வரட்டியும் பாலடைப் பாயசமும் போதும், ஓணம் வந்தாச்சு.

டிசம்பர்ல போர்ட் கொச்சி கார்னிவல். 1984-ல இருந்து நடக்கு. வருசத்தோட கடைசி ராத்திரி, கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு பெரிய கிழவன் பொம்மையை நிறுத்தி, மணி பன்னெண்டு அடிச்சதும் தீ வைக்காவ. பப்பாஞ்சின்னு பேரு. பழைய வருசம் அந்தக் கிழவனாம். "மாமா, நீங்களும் வாங்க"ன்னு போன தடவை கூப்பிட்டீய. கிழவனை எரிக்குத எடத்துக்கு மாமனாரைக் கூப்பிட்ட முதல் மாப்பிள்ளை நீங்கதான். நான் வரல. பிள்ளையளையும் அந்த நெரிசல்ல கொண்டு போகாதீய. அங்க சின்னவளுக்குத் தெரியப் போறது முன்னால நிக்குதவன் முதுகுதான். அதுக்கு முந்தின நாட்கள்ல சந்து சந்தாப் பிள்ளையளே வைக்கோலைத் திணிச்சுக் குட்டிப் பப்பாஞ்சி கட்டி உக்கார வச்சிருப்பாவ. பகல்ல கூட்டிட்டுப் போயி அதைக் காட்டுங்க. ஜனவரி ஒண்ணாந்தேதி வேஷம் கட்டின ஊர்வலம் இருக்கு, அது போதும். பினாலே கலைக் கண்காட்சி நடக்குத வருசம்னா அதையும் பாத்துருங்க. 12-12-2012-ல தொடங்கினது, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கன்னு கணக்கு. எது கலை, எது உக்காருத நாற்காலின்னு தெரியாம உங்க அத்தை கால் கடுக்க நின்னா. பிள்ளையளுக்கு அந்தச் சந்தேகமே வரல.

கோடை லீவுக்கு நீங்க மூணாறு, ஊட்டின்னு ரூம் தேடுவீய, தெரியும். அதுக்கு முன்னால, உங்க வீட்டு வாசல்ல இருந்து கொட்டுச் சத்தம் கேக்குத தூரத்துல, இடப்பள்ளி ஜார்ஜ் புண்ணியாளர் பள்ளியில, அதான் சர்ச்சுல, பெருநாள். ஏப்ரல் கடைசி, மே முதல். 594-லயே வந்த பள்ளின்னு ஊர்ல சொல்லுதாவ. பலூன், வளையல், அலுவா, பொரின்னு கடைக்கு மேல கடை. நேர்ச்சைக்குக் கோழி கொண்டு வருவாவ. சாதி மதம் பாக்காம எல்லாரும் வருவாவ. சின்னவ உயிரோட ஒரு கோழியைக் கையில வாங்கிப் பிடிக்கட்டும். அது படபடன்னு அடிச்சுக் கையைப் பிறாண்டினா, கோழின்னா டைனோசர் உருவத்துல வர்ற பண்டம் இல்லன்னு தெரிஞ்சுக்கிடுவா. பொறவு சாப்பிடுவாளாங்கது உங்க பாடு.

அந்தப் பெருநாளுக்கு நான் வந்திருவேன். கோழிக்குக் காசு நீங்க குடுங்க. நேர்ச்சை என்னதுன்னு கேக்காதீய, அதைப் புண்ணியாளர்கிட்ட நான் தனியாப் பேசிக்கிடுதேன்.